பிரசவ வார்டு வாசலில் நின்ற மாப்பிள்ளை

தவசியை நல்லவன் என்று சொல்லித் தொடங்கினால் அவனைத் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். குளிக்கச் சோம்பல் படுகிறவன். ஓயாமல் பீடி. அவன் பொங்கிய சோற்றைத் தெருநாய் மோந்து பார்க்கும், மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு போய்விடும். குறட்டை விட்டால் பக்கத்து வீட்டு அலமாரியில் டம்ளர்கள் குலுங்கும். பக்கத்து வீடு எங்கள் வீடு, அதனால் அடித்துச் சொல்கிறேன்.

தொண்டு, தியாகம் என்று மைக்கைப் பிடித்துப் பேசுகிற ஆட்களைப் பழங்காநத்தத்தில் நிறையப் பார்த்தாயிற்று. கழுத்தில் மாலை விழுந்ததும் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார்கள். தவசிக்கு அந்த வார்த்தைகளே தெரியாது. யாருக்காவது ஒத்தாசைக்குக் கிளம்பினால் வாசற்படியிலேயே திட்டத் தொடங்குவான். வேலை முடிகிற வரைக்கும் திட்டுவான். நாங்களும் அவன் திட்டு நின்றால் வேலை முடிந்தது என்று தெரிந்துகொள்வோம். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு கல்யாணம் அமைந்து, அது கைக்கு வந்த பிறகு நழுவப் பார்த்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் சந்தில் ஆம்பிளைகள் பாதிப் பேருக்கு மில்லில் வேலை. என் வீட்டுக்காரர் முத்திருளனும் தவசியும் ஒரே மில், ஒரே செக்ஷன். ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். ராத்திரி ஷிப்டு வந்தால் மட்டும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் வந்துவிடும். ஒருத்தருக்கு இடுப்பு வலி. இன்னொருத்தருக்கு மாமியார் வந்திருக்கிறாள். என் வீட்டுக்காரருக்குக் காரணம் தேடக்கூடச் சோம்பல்.

"டேய் தவசி, நீ ஒண்டிக்கட்ட. ஒனக்கு ராத்திரி என்னடா, பகல் என்னடா" என்பார்.

"ஒண்டிக்கட்டைக்குத் தூக்கம் வராதாண்ணே? நாசமாப் போங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான். இப்படி மாற்றி மாற்றி, வருடம் முழுக்க அவனுக்கு ராத்திரி ஷிப்டு என்று ஆகிவிட்டது.

அதனால் என்ன ஆயிற்றென்றால், பகலில் எங்கள் சந்தில் இருக்கிற ஒரே ஆம்பிளை தவசிதான். அவனும் தூங்கிக்கொண்டு இருப்பான். பல்லி செத்து அடிகுழாயில் அடைத்தால் தவசி. யார் வீட்டுக் கிழவராவது கட்டிலிலிருந்து விழுந்தால் தவசி. சந்து முனையில் ஒரு பிள்ளையார் இருந்தார். அவரிடம் நாங்கள் யாரும் எந்த வேலையும் சொன்னதில்லை. கூப்பிட்டால் எழுந்து வருகிறவனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

எனக்குத் தலைப்பிரசவ வலி எடுத்ததும் ஒரு பகலில்தான். வீட்டுக்காரர் மில்லில். பக்கத்து வீட்டுப் பெண்கள் போய்த் தவசியின் முகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார்கள்.

"ஏன்க்கா, பகல்லதான் பெக்கணுமா? மனுசன் கண்ண மூடுற நேரம் பாத்து…" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தான். ரிக்ஷாக்காரன் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். தவசி என்னை ஏற்றித் தானே மிதித்தான். பாதி வழியில், "டேய், நான் இறங்கி நடந்தே வாரேன்டா" என்று கெஞ்சினேன். அவ்வளவு அழகாக ஓட்டினான்.

அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருக்கிறவளுக்கு ஆள் ஒருத்தர் வார்டு வாசலில் நிற்க வேண்டும். மருந்து வாங்க, வெந்நீர் வாங்க, ரத்தம் வேண்டுமென்றால் ஓட. ஆயா கதவைத் திறந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

"பாண்டியம்மா ஆளு யாருய்யா?"

பாண்டியம்மாள் நான். தவசி எழுந்து, "நான் பக்கத்து வீடுங்க" என்றான்.

"பக்கத்து வீட்டுக்காரனுக்கு இங்கன என்ன சோலி? புருசன வரச் சொல்லு." கதவைச் சாத்திவிட்டாள்.

தவசி கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறான். பிறகு கதவைத் தட்டினான்.

"நான்தான்" என்றான்.

"என்ன நான்தான்?"

"பாண்டியம்மா ஆளு."

"இப்பத்தானய்யா பக்கத்து வீடுன்ன?"

"பக்கத்து வீட்டுலயும் நான்தான் இருக்கேன்."

ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். மருந்துச் சீட்டைக் கையில் திணித்தாள். அன்றைக்கு அவன் கற்றுக்கொண்ட வித்தை அது. அதற்கப்புறம் அந்த வாசலில் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும், எங்கள் சந்துப் பெயராக இருந்தால், விளக்கமெல்லாம் கிடையாது. நான்தான்.

பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க வேண்டும். பச்சைப்பிள்ளை நாக்கில் முதல் முதலாகச் சீனித் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பது. வைக்கிறவருடைய குணம் அப்படியே பிள்ளைக்கு வந்துவிடும் என்பார்கள், அதனால் ஊருக்குள் நல்ல பேர் எடுத்த ஆளாகப் பார்த்துப் பிடிப்பார்கள். என் மாமியார் அலங்காநல்லூரில் மாடு வளர்க்கிற ஒரு பெரிய மனிதரைச் சொல்லி வைத்திருந்தாள். அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பிள்ளை அழுதது. ஆயா சீனித் தண்ணீரோடு வெளியே வந்து, "ஏப்பா, கையக் கழுவுனியா? வையி" என்றாள். வைத்துவிட்டான். குணம் வருமா வராதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என் மகள் இன்றைக்கும் குறட்டை விடுகிறாள்.

இரண்டாவது ஜானு. எதிர் வீட்டில் குடியிருந்த ஐயர் வீட்டுப் பெண். அவள் புருசன் பட்டாபிராமன் மின்சார ஆபீசில் குமாஸ்தா. மனிதர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, சேனையும் வைத்து, தவசி மரத்தடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பட்டாபிராமன் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம்தான் சேனை விஷயம் தெரிந்தது. "நீயா வெச்சே?" என்று ஒரு தடவை கேட்டார்.  அந்தப் பையன் தவழ ஆரம்பித்ததும், எங்கள் வீட்டில் கருவாடு வறுக்கிற நாளாகப் பார்த்து வாசற்படி தாண்டி வந்துவிடுவான். ஜானு பின்னாலேயே ஓடி வந்து தூக்கிக்கொண்டு போவாள். பட்டாபிராமன் ஜன்னலில் நின்று பார்ப்பார். பாவம், சேனையைத் திரும்ப எடுக்க வழி ஏது?

மூன்றாவது தங்கப்பொண்ணு. சந்துக் கடைசி வீடு. புருசன் லாரியில் பம்பாய்க்குப் போயிருந்தான். எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. தவசிதான் கூட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தபோது பிள்ளை இல்லை. போகும்போதும் திட்டவில்லை, வரும்போதும் திட்டவில்லை. அதனாலேயே எங்களுக்கு விஷயம் புரிந்தது. பிள்ளையை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

இந்த மூன்றும் ஒரு வருடத்துக்குள் நடந்தவை.

அந்த வருடம் போன பிறகு அவனுக்குப் பெண் வந்தது. அப்பா அம்மா இல்லை, வயதும் முப்பதைத் தாண்டியாயிற்று, ராத்திரி ஷிப்டுக்காரன் என்று ஏற்கெனவே நாலு இடம் தட்டிப் போயிருந்தது. இது கொட்டாம்பட்டிப் பக்கம். பெண் பெயர் ஒச்சாயி. அவளுக்கும் அம்மா இல்லை. அப்பா விருமாண்டி கடலைக் காடு வைத்திருந்தார். என் வீட்டுக்காரர்தான் அண்ணன் முறைக்குப் பெண் பார்க்கக் கூடப் போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும்.

ஒச்சாயி களத்தில் நின்றுகொண்டே கேட்டாளாம். "நைட்டு ஷிப்டாமே. பகல்ல என்ன செய்வீக?"

"தூங்குவேன்."

"தூங்க விடுவாகளா?"

"எங்க விடுறாங்க."

அவள் சிரித்தாளாம். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளிலிருந்து தவசி தினமும் குளித்தான். நாங்களெல்லாம் வாசலில் வந்து நின்று பார்த்தோம், அப்பேர்ப்பட்ட காட்சி. பீடியைக்கூடக் குறைத்தான். தறுதலை மாதிரி திரிந்தவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். கேட்டால், "செவுரு அழுக்கா இருக்குக்கா" என்பான். அவன் பிறந்ததிலிருந்து அந்தச் சுவர் அப்படித்தான் இருந்தது.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். விருமாண்டி, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், விருமாண்டியின் அக்கா மலையம்மாள். மலையம்மாள் டவுனில் இருக்கிறவள். தாயில்லாப் பிள்ளையை வளர்த்துவிட்டது அவள்தான். பிழைப்புக்கு அதே பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் பன்னும் வாழைப்பழமும் வெந்நீரும் விற்றாள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தவசியை அவள் உற்று உற்றுப் பார்த்தாள்.

"தம்பிய எங்கயோ பாத்திருக்கேனே."

புத்தியுள்ளவன் என்றால் தெரியவில்லை என்று சொல்லியிருப்பான். தவசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆஸ்பத்திரி வாசல்ல உங்ககிட்டத்தான அத்த பன்னு வாங்குவேன்" என்றான்.

மலையம்மாளின் முகம் மாறியது. "ஆமா. போன வருசம் ஒண்ணில்ல ரெண்டில்ல, மூணு பிரசவத்துக்கு வந்து நின்ன ஆளுல்ல நீ. மூணும் வேற வேற பொம்பளைக. பேரு கூப்புட்டா நான்தான்னு எந்திரிச்சு ஓடுவியே."

 நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் உதவி செய்ய நினைத்து வாயைத் திறந்தார் என் வீட்டுக்காரர்.

"மூணுதானா? என்ன தாயி இம்புட்டுக் கொறைச்சுச் சொல்றீக" என்றார் பெருமையாக. "நாங்கள்லாம் காலையில மில்லுக்குப் போயிருவோம். பகல்ல சந்து பூராம் தவசி பொறுப்புத்தான்."

ஊர்ப் பெரியவர்களில் ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜானுவின் பையன் தவழ்ந்து வந்து, கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்காமல், நேராகத் தவசியின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். நான் காபித் தட்டோடு வெளியே வருவதற்கும் அவர்கள் செருப்பு மாட்டுவதற்கும் சரியாக இருந்தது.

"அண்ணே, நில்லுங்க, விஷயம் அப்படி இல்ல" என்றேன்.

"வேணாந்தாயி. ஆத்தா இல்லாத பிள்ள. பாத்துத்தான் குடுக்கணும். நல்லவேளைக்கு அக்கா வந்துச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார். காபியைக்கூடத் தொடவில்லை. பெண் வீட்டார் காபியைத் தொடாமல் எழுந்தால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அவர்கள் போனதும் தவசியைப் பிடித்துக்கொண்டேன். "என்னடா, ஒனக்கு வாயில கொழுக்கட்டையா? இன்னார் பொண்டாட்டி, இன்னாருக்குத் துணைக்குப் போனேன்னு மூணு பேரையும் சொல்ல வேண்டியதுதான?"

அவன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். "சொல்லலாம்க்கா. மொதப் பிள்ள பாண்டியம்மா அக்கா பிள்ள, இந்தா இருக்கு. ரெண்டாவது ஜானு பிள்ள, இந்தா கால்ல தொங்குது. மூணாவது எங்கன்னு கேப்பாக. தங்கப்பொண்ணு அங்கதான சொம்பத் தூக்கிட்டு நின்னுச்சு."

 அவன் கட்டிலில் போய் விழுந்தான். அன்றைக்குக் குறட்டை வரவில்லை. டம்ளர்களெல்லாம் சும்மா இருந்தன.

மறுநாள் காலையில், தவசி ஷிப்டு முடிந்து வந்து படுத்த பிறகு, நானும் ஜானுவும் கொட்டாம்பட்டிக்குக் கிளம்பினோம். பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? வழக்கமாக விடுகிற இடம் தவசி வீடு. அதனால் இடுப்பில் தூக்கிக்கொண்டோம். சந்துக் கடைசியில் தங்கப்பொண்ணு தலை சீவி, நல்ல சேலை கட்டி நின்றாள்.

"நீ எதுக்கு ஆத்தா? நாங்க ரெண்டு பேரு போதும்" என்றேன்.

"நானும் வாரேன்க்கா" என்றாள். கண்ணைப் பார்த்ததும் கூட்டிக்கொண்டேன்.

எனக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாது. ஜானு படித்தாள். மேலூர் தாண்டுவதற்குள் அவள் பையன் கண்டக்டரின் காக்கிக் கால்சட்டையில் மூத்திரம் போய்விட்டான். கண்டக்டர் திட்டினார். பையன் அவரைப் பார்த்துத் திருப்பி ஏதோ மழலையில் திட்டினான். சேனை எங்கே போகும்?

இப்போது நினைத்துப் பார்த்தால், விருமாண்டி வீட்டு வாசலில் நாங்கள் போய் நின்ற கோலம் ஒரு மாதிரியாகத்தான் இருந்திருக்கும். முதல் நாள் அவர் மூன்று பொம்பளைகள் என்று காதால் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் மூன்று பேர் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு கைப்பிள்ளைகளோடு வந்து, "தவசி விஷயமாப் பேசணும்" என்கிறோம். அப்படியும் நாங்கள் போனது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிள்ளைகளைத்தான் தவசியை எழுப்பி அவனிடம் விட்டுவிட்டு… சரி, அது முடியாது.

களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"ஏய், மூணு பேரும் வந்துட்டாளுகடி" என்றாள் ஒருத்தி.

"சண்டை போட்டுக்காம ஒண்ணா வந்திருக்காளுக, அதச் சொல்லு" என்றாள் இன்னொருத்தி.

விருமாண்டி வெளியே வந்தார். மலையம்மாளும் ஊரிலேயே தங்கியிருந்தாள், பின்னால் வந்து நின்றாள். ஜானு நல்ல பெண், மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, நீங்க எல்லாத்தையும் தப்பா நெனச்சுண்டுட்டேள். தவசி மட்டும் இல்லேன்னா நான் நடுரோட்டுல பெத்திருப்பேன்."

"அடியாத்தீ, அய்யரு வீட்டுப் பிள்ளையுமா" என்று களத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஜானு பேச்சை விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

நான் சொன்னேன். "அண்ணே, எனக்கு ஆம்பள இருக்காரு. நேத்து உங்க முன்னாடி உக்காந்து ஒளறுனாரே, அவருதான். இவ புருசன் கரண்டு ஆபீசுல இருக்காரு. பகல்ல வலி வந்தா வீட்டுல ஆளு இல்ல. தவசிதான் கூட்டிட்டுப் போவான். புருசன்னு சொல்லாட்டி வாசல்ல நிக்க விட மாட்டாங்கன்னு நான்தான்னு சொல்லுவான். அம்புட்டுத்தான் கதை."

"கதை நல்லாத்தான் இருக்கு" என்றார் விருமாண்டி. "எவனாச்சும் அடுத்தவன் பொண்டாட்டிக்காகத் தூக்கம் முழிச்சு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பானா? சும்மா? நானும் அறுவது வயசு ஆளு. நான் நின்னதில்ல." அப்புறம் தங்கப்பொண்ணைப் பார்த்தார். "இதுக ரெண்டும் பிள்ளையோட வந்திருக்குக. நீ என்னத்துக்கு வந்த? ஒம் பிள்ள எங்க?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். தங்கப்பொண்ணு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எம் பிள்ள செத்துத்தான்ய்யா பொறந்துச்சு" என்றாள். "என் வீட்டுக்காரரு பம்பாயில. ஆயா துணியில சுத்திக் கொண்டாந்து, தங்கப்பொண்ணு ஆளு யாருன்னு கேட்டுச்சு. வாசல்ல நெறையப் பேரு நின்னாக. இந்த மாதிரிப் பிள்ளைக்கு யாரும் எந்திரிக்க மாட்டாக. தவசி அண்ணே எந்திரிச்சு, நான்தான்னுச்சு. தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கையிலேயே தூக்கிட்டு நடந்து போச்சு. குழி வெட்டுறவரும் அப்பன் யாருன்னு கேட்டாராம். அங்கயும் நான்தான்னுச்சாம். ஏண்ணே அப்படிச் சொன்னேன்னு கேட்டேன். பேரு வைக்காத பிள்ள, அனாதையாப் போக வேணாம்னு பாத்தேன், நீ சாப்புடு அப்படின்னுச்சு. சந்துல யாருக்கும் இது தெரியாது. இந்தா, அக்காவுக்கே இப்பத்தான் தெரியும்."

ஆமாம். எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன். அன்றைக்குச் சாயங்காலம் திரும்பி வந்து, குளித்துவிட்டு, வழக்கம்போல ராத்திரி ஷிப்டுக்குப் போனான். மழையும் இல்லை, வேர்வையும் இல்லை, இவன் ஏன் குளித்தான் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

 மலையம்மாள் படியில் உட்கார்ந்தாள்.

"தம்பி," என்றாள் விருமாண்டியைப் பார்த்து, "அன்னைக்கு அந்த மாப்பிள்ள எங்கிட்டப் பன்னு வாங்கல. துண்டு இருக்கான்னு கேட்டாரு. எதுக்குன்னு நான் கேக்கல. கூடைய மூடுற துண்டக் குடுத்தேன். மறுநாளு புதுத் துண்டு ஒண்ணக் கொண்டாந்து கூடையில வச்சுட்டுப் போனாரு. பழச எங்கடான்னு கேட்டேன். தொலைஞ்சு போச்சு அத்தன்னாரு. கூறுகெட்ட பயன்னு திட்டுனேன். சிரிச்சுட்டுப் போனாரு."

விருமாண்டி துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆனாலும் ஆம்பிளை வீம்பு இருக்கிறதே. "அதெல்லாம் சரி. இருந்தாலும் நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக" என்றார்.

அப்போதுதான் ஒச்சாயி வந்தாள். அதுவரைக்கும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையில் வாளி. நல்ல உரமான உடம்பு. முதல் வேலையாக ஜானுவின் பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அவருதான் உங்கள அனுப்புனாரா?" என்று என்னைக் கேட்டாள்.

"அவனா? அவன் தூங்குறான். நாங்க வந்தது தெரிஞ்சா எங்களக் கொன்னுபோடுவான்."

"அப்பா," என்றாள், "நாலு பேரு பேசுறது நாலு நாளைக்கு. எனக்கு ஆத்தாளும் இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி வாசல்ல நீங்களா வந்து நிப்பீக? இப்பத்தான நின்னதில்லன்னு சொன்னீக. ஊருப் பிள்ளைக்கு நின்ன ஆளு வீட்டுப் பிள்ளைக்கு ஓடவா போறாரு? பேசி முடிங்க. கடலை கெடந்து காயுது."

விருமாண்டி மகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில், "காபி போடும்மா, பிள்ளைக வந்து எம்புட்டு நேரமாச்சு" என்றார்.

"போடுறேன். ஒண்ணே ஒண்ணு" என்று ஒச்சாயி என் காதருகே வந்தாள். "அந்த ராத்திரி ஷிப்ட மட்டும் மாத்தச் சொல்லுங்க மதினி."

களத்துப் பெண்களுக்கும் கேட்டுவிட்டது. அப்புறம் அங்கே கடலை ஆய்கிற வேலை நடக்கவில்லை. சிரிப்புத்தான்.

நாங்கள் வீடு திரும்பியபோது தவசி வாசலில் உட்கார்ந்திருந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எவ ஒங்களப் போகச் சொன்னா? தூங்குறவன எழுப்பி ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? மத்ததுக்கெல்லாம் மூஞ்சியில தண்ணிய ஊத்துவீகல்ல?" என்று ஆரம்பித்தவன் சந்து முழுக்கக் கேட்கும்படி திட்டினான். தங்கப்பொண்ணு அவன் முன்னால் போய், "நான் சொல்லிட்டேண்ணே" என்றாள். அவன் திட்டு பாதியில் நின்றது. தலையைக் குனிந்து பீடி தேடினான், பை காலி.

சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அந்தப் பிள்ள என்னக்கா சொல்லுச்சு?"

"ராத்திரி ஷிப்டு வேணாம்னுச்சு" என்றேன்.

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

தை மாதம் கல்யாணம். மில்லில் அவன் பகல் ஷிப்டு கேட்டபோது யாரும் மாற்றிக்கொள்ள வரவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் வாயைத் திறந்த பாவத்துக்கு, நான் சோறு போட மாட்டேன் என்று சொன்னதன் பேரில், என் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டுக்குப் போனார். பகலில் சந்தில் இருக்கிற ஒரே ஆம்பிளை இப்போது முத்திருளன். பல்லி அடைத்தாலும் அவர்தான், கிழவர் விழுந்தாலும் அவர்தான். நன்றாகத் திட்டவும் கற்றுக்கொண்டார்.

ஒச்சாயிக்கு வலி வந்ததும் பகல்தான். தவசி மில்லில். தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முகத்தில் நானே தண்ணீரை ஊற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாயங்காலம் ஆயா கதவைத் திறந்தாள். அதே ஆயா.

"ஒச்சாயி ஆளு யாருய்யா?"

என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"நான்தான்."

ஆயா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எட்டி எங்களையெல்லாம் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"பொய் சொல்லாதய்யா. இந்தச் சந்துக்கு வழக்கமா வாற அப்பன எனக்குத் தெரியும். அவன் எங்க?"

"அவனுக்குப் பகல் ஷிப்டு" என்றார் என் வீட்டுக்காரர்.

"சரி, கையக் கழுவு" என்றாள் ஆயா. "பொம்பளப் பிள்ள."

தவசி மில்லிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது சேனை வைத்தாயிற்று. அவன் தன் மகளைத் தூக்கிப் பார்த்தான், என் வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"நீங்களாண்ணே வச்சீக?" என்றான். பட்டாபிராமன் கேட்ட அதே குரல்.